தஞ்சோங் துவானைத் தாண்டும் பாய்

மலாக்கா நீரிணையில் பாய்மரப் படகு கடிகாரத்தை ஒட்டி ஓடுகிறது. விடியலுக்கு முன் நிலத்திலிருந்து தரைக்காற்று வீசும். நண்பகலில் அது ஓய்ந்துவிடும். பிற்பகலில் கடற்காற்று எழும். போர்ட்டிக்சனிலிருந்து மலாக்கா நோக்கித் தென்கிழக்காகப் போகும் படகுக்கு முதற்காற்று இடப்புறமும் அடுத்தது வலப்புறமும் விலாவில் படுகின்றன. பாய்க்கு விலாக்காற்றே உகந்தது. எதிர்க்காற்றென்றால் வளைந்து வளைந்து ஏறவேண்டும்; பின்காற்று பாயைத் தூக்கி அடிக்கும். இந்தக் கரையோரம் பாய்க்காரருக்கு வாய்த்த கொடை என்றே சொல்லவேண்டும்.

இந்தக் காற்றின் கணக்கில் சேரும் பெடாஸ் கடலோர ஊர் அன்று. ரெம்பாவ் மாவட்டத்தின் ரப்பர்த் தோட்டப் பகுதி அது. போர்ட்டிக்சன் படகுத்துறைக்குக் காரில் ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஆனால் தோட்டத்தின் நாளும் படகின் நாளும் ஒரே இருட்டில்தான் தொடங்குகின்றன. விடியலின் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் கூடியிருக்கும்போது பால் நன்றாக வடியும். அதனால் பால்வெட்டுக்காரர் அந்த நேரத்தில் மரநிரையில் இறங்குகிறார். பாய்க்காரர் தரைக்காற்றை விடக்கூடாதென்று அதே நேரத்தில் கயிற்றை அவிழ்க்கிறார்.

இக்கட்டுரைக்காக ஏறிய படகில் வேலையாட்கள் இருவர். ஒருவர் சுக்கானில் நிற்க, மற்றவர் ஆஞ்சானை இழுத்துப் பெரிய பாயை ஏற்றினார். பாயை ஏற்றி இறக்கும் கயிறு ஆஞ்சான். ஏறிய பாயைக் காற்றுக்கேற்ப இறுக்கித் தளர்த்துவது தாமான். தமிழ்க் கடற்கரையின் சொற்கள் இவை. கடல்தொழிலைக் குறிக்கும் தமிழ்ச்சொல் இந்த நீருக்குப் புதிதும் அன்று. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருசுக்கு அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, மரக்கலநாயன் எனக் கப்பல் தலைவனைக் குறிப்பிடுகிறது.

தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களிலும் அவற்றை ஒட்டியும், அதாவது ஏப்ரல் முதல் நவம்பர் வரை, காலைப்பொழுதின் பெரிய கவலை ‘சுமத்ரா’. சுமத்ரா தீவின் மேலும் நீரிணையின் மேலும் இரவில் திரளும் இடிமேகங்கள் வரிசையாகக் கிழக்கே நகர்ந்து, விடியலை ஒட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையை அடிக்கின்றன. மேற்கே தாழ்வாக ஒரு கறுத்த சுருள் தோன்றும். அடுத்துக் காற்று சட்டென்று திசைமாறிக் குளிரும். மழை வருமுன்னே மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் அடி விழும். கறுப்பு கண்ணில் பட்டவுடனே பாயைச் சுருக்கிவிடவேண்டும். அடி விழுந்தபின் அந்த வேலைக்கு இரு மடங்கு கை வேண்டும். தாமானைத் தளர்த்திப் பாயின் காற்றை வெளியேற்றுவர். பிறகு ஆஞ்சானை ஓரளவு இறக்கி, பாயின் முன்மூலை வளையத்தைக் கொக்கியில் மாட்டி, ஆஞ்சானை மறுபடி இழுத்துக் கட்டி, பின்மூலைக் கயிற்றை இறுக்குவர். பழகிய கைகளுக்குச் சில நிமிட வேலை. வரிசை பிசகினால் பாய் கிழியும்.

அதே சுமத்ரா கரையேறிப் பெடாஸை நனைத்தால் அன்றைய வெட்டு போயிற்று. ஈரப்பட்டையில் பால் கோட்டில் நில்லாமல் வழிந்தோடும். பால் சேரும் மங்கில் விழுந்ததும் மழையோடு கலந்து வீணாகும். கடலில் ஒரு மணி நேரத் தொல்லை, தோட்டத்தில் ஒரு நாள் கூலி. இழப்பு பெரிது தோட்டத்தில்தான்.

வழியில் வரும் தஞ்சோங் துவான் முனையில் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் விளக்கு வைத்தனர். எதிரே சுமத்ராவின் ரூபாட் தீவு 40 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. இந்த நீரிணை வழியே ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் செல்கின்றன. ஆகவே படகு கப்பல் தடத்துக்கும் கரையோர மீன்வலைகளுக்கும் இடையில் ஒதுங்கியே ஓடுகிறது. நீரோட்டம் தென்கிழக்கும் வடமேற்கும் மாறி மாறிப் பாய்கிறது. அதன் நேரத்தைக் கணக்கில் எடுக்காதவர், பாய் நிறைந்திருந்தும் கரைமரம் நகரவில்லையே என்று திகைப்பார்.

நண்பகலில் பாய் தொங்கிவிடும். பலர் எஞ்சினை இயக்கிவிடுகிறார்கள். காத்திருப்பவருக்கு இரண்டு மணிக்குப்பின் தென்மேற்கில் நீர் கருத்துச் சுருங்குவது தெரியும். அந்தக் காற்றில் மணிக்கு 5 கடல்மைல் எளிது. அழுங்காமைகள் முட்டையிடும் தீவாக அறியப்பட்ட பூலாவ் ஊப்பே முதலில் வருகிறது. அதற்கப்பால், சமாதிகளைத் தரிசிக்க இந்திய முஸ்லிம்களும் பிற சமயத்தாரும் வந்துபோன பூலாவ் பெசார்.

நங்கூரம் போடுவது அந்தத் தீவின் நிலம் பார்த்த பக்கத்தில். மேற்கிலிருந்து வரும் அடியைத் தீவே தாங்கிக்கொள்ளும். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விட்டு, அது சேற்றில் பிடித்ததா என்று வேலையாள் கையை வைத்துப் பார்க்கிறார். சங்கிலி அதிர்ந்தால் நங்கூரம் இழுபடுகிறது என்று பொருள். அதிர்வு இல்லை. பெரிய பாயை மடித்து உறையிடும்போது, விடியலுக்காக முதல் சுருக்கை முன்பே கட்டிவிடுகிறார்கள்.