அடுப்படி சாமிக்குத் தித்திப்பு

நீங்கள் போகியன்று பழைய பாயைக் கொளுத்துகிறவரா? சீனர்கள் கொளுத்துவதில்லை. ஆனால் புத்தாண்டுக்கு முன் வீட்டை நம்மைப் போலவே மும்முரமாகப் பெருக்கித் துடைக்கிறார்கள். ஜனவரி 21-க்கும் பிப்ரவரி 21-க்கும் இடையே ஓர் அமாவாசையில் அவர்கள் வருஷம் பிறக்கும். அன்றைக்கு மட்டும் துடைப்பத்தைத் தொடக்கூடாது; வந்த அதிர்ஷ்டமும் குப்பையோடு போய்விடுமாம். விளக்கு வைத்த பிறகு பெருக்காதே என்று நம் பாட்டிகள் சொன்னதேதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் அவர்களுடைய அடுப்படி சாமி. வருஷம் பூராவும் சமையலறையில் உட்கார்ந்து வீட்டுச் சண்டைகளைக் கேட்டுக்கொண்டிருப்பவர், புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னால் மேலோகம் போய் ரிப்போர்ட் கொடுப்பார். அதனால் அவர் கிளம்புமுன் படத்திலிருக்கும் உதட்டில் பிசுக்கென்று ஒட்டும் தித்திப்பைத் தடவிவிடுவார்கள். ஒன்று, நல்லதாகச் சொல்வார். இல்லை, வாயே திறக்க வராது!

எல்லாவற்றையும்விட முக்கியம், முந்தின ராத்திரிச் சாப்பாடு. எந்த ஊரில் இருந்தாலும் அதற்கு வீடு வந்து சேரவேண்டும். சீனாவில் இந்தப் பயணக் கூட்டம் 40 நாள் நீடிக்கிறது. பொங்கலுக்குக் கிளாம்பாக்கத்தில் நாம் படும் பாடு அதன்முன் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குச் சிவப்பு உறையில் பணம் உண்டு. மேஜையில் முழு மீன் இருக்கும். முழுக்கத் தின்னாமல் மிச்சம் வைப்பார்கள். காரணம், சீன மொழியில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே உச்சரிப்பு: 'யூ'. வரமுடியாத பிள்ளைக்கும் சில வீடுகளில் ஒரு கிண்ணமும் குச்சிகளும் வைத்துவிடுவார்கள்.

பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் பொங்கல் வீடியோ காலில்தான் பொங்குகிறது. எங்கள் மகள் சிங்கப்பூரில். "இந்தப் பொங்கலுக்கு அவளுக்கும் ஓர் இலை போடேன்" என்றேன்.

"ஆளில்லாத இலை செத்தவங்களுக்குப் போடறது. வாயைக் கழுவுங்க" என்றாள் மனைவி.

போனில் மகளிடம் சொன்னேன். சிரித்தாள். "பொங்கலுக்கு இங்க லீவு கிடையாதுப்பா. சீனப் புத்தாண்டுக்கு ரெண்டு நாள் உண்டு. அப்ப வரேன். அம்மாவை வஞ்சிரம் வாங்கி வைக்கச் சொல்லு."

ஆக, எங்கள் வீட்டுப் பொங்கல் இந்த வருஷம் சீனப் பஞ்சாங்கப்படி நடந்தது. நொச்சிக்குப்பம் மார்க்கெட்டில் வஞ்சிரத்தின் விலை கேட்டு மயக்கம் வந்தது. மீனில் மிச்சம் வைக்கவேண்டும் என்று நான் 'யூ' கதையைச் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. மனைவி மட்டும் ஒரு துண்டை எடுத்து மூடி வைத்தாள்.

"நாளைக்கு ஏர்போர்ட் கிளம்பறதுக்கு முன்னாடி சாப்பிடட்டும்" என்றாள்.