சூட்டோடு இறக்கவேணும்

சித்தப்பாவின் ஓட்டோவுக்கு இரண்டு ஒயில். ஒன்று பெற்றோலோடு கலந்து எரிந்து புகையாகிப் போவது. மற்றது கியர்ப்பெட்டிக்குள்ளேயே கிடந்து கறுத்துப் போவது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார் கரும்பலகையில் எஞ்சின் கீறிக் காட்டுவதற்கு வெகு முன்னமே இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் சித்தப்பா வீட்டு ஒழுங்கையில் ஞாயிறு பின்னேரங்களில் குந்தியிருந்து படித்த பாடம் அது.

நாங்கள் இருந்தது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் அப்பாவும் நானும் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸைப் பிடித்துப் புறக்கோட்டையில் இறங்கி, அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போவோம். யுத்த காலம். வழியில் சோதனைச் சாவடி இருந்தால் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, திரும்பவும் ஏறவேணும். அதெல்லாம் அப்பாவின் கவலை. என் கவலை ஒன்றுதான்: நாங்கள் போய்ச் சேருவதற்குள் சித்தப்பா வேலையைத் தொடங்கிவிடக்கூடாது.

அவர் ஞாயிறைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் சனம் திரளும். சைவக்காரர், பௌத்தர், முஸ்லிம்கள் என்று பேதமில்லாமல் வருவார்கள். தரிப்பிடத்தில் நிற்கிற ஓட்டோக்காரருக்கு அன்றைக்கு ஹயருக்கு மேல் ஹயர். அந்த நாளில் வண்டி படுத்துவிட்டால் வாரமே படுத்தமாதிரி. எனவே ஞாயிறு ஒயில் மாற்றி, திங்கள் ஓடிப் பார்த்து, செவ்வாய்க்குத் தயாராக்குவார்.

சித்தப்பாவின் வண்டி பழைய பஜாஜ், டூ ஸ்ட்ரோக். பஜாஜ் தொடக்கத்தில் இத்தாலியின் பியாஜியோவிடம் உரிமம் வாங்கி வெஸ்பா ஸ்கூட்டர் செய்த கொம்பனி என்பதால், ஓட்டோவிலும் ஸ்கூட்டரின் சாயல் அப்படியே இருக்கும். கைபிடியின் இடப்பக்கத்தைத் திருகிக் கியர் மாற்றவேணும். எஞ்சின் பின்னால். ஸ்டார்ட் பண்ண, இருந்த இருப்பிலேயே நெம்புகோலைக் கையால் சுண்டி இழுக்கவேணும்.

அந்த எஞ்சினின் அடித்தொட்டியில் ஒயில் கிடையாது. பெற்றோலில் கலக்கிற டூ டீ ஒயில்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் நனைத்துவிட்டு எரிந்து போகும். லீற்றருக்கு 20 மில்லி போதும். கூட ஊற்றினால் எஞ்சின் கூடக் காலம் உழைக்கும் என்று தரிப்பிடத்தில் பலருக்கு நம்பிக்கை. சித்தப்பா அதை ஏற்கமாட்டார். "கூட ஊத்தினா எஞ்சினுக்கில்லை, பின்னாலை வாறவன்ரை மூக்குக்குத்தான்" என்பார். கூடிப்போனால் பிளக் கரிபிடிக்கும், நீலப்புகை கக்கும், ஏற்றத்தில் இழுக்காது. அளப்பதற்கு மருந்துப் போத்தலின் மூடி ஒன்றை ஆசனத்துக்கடியில் வைத்திருந்தார்.

ஆகவே ஞாயிறு நாங்கள் மாற்றியது கியர் ஒயிலைத்தான். முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போகவேணும். ஜம்பட்டா வீதி வழியாகப் போய், புனித லூசியா பேராலயத்தின் பெரிய கோபுரத்தைத் தாண்டித் திரும்பி வருவோம். பின் ஆசனத்தில் நான் தனியே, துரைமாதிரி. இந்த ஊர்வலம் எனக்காக என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஒயில் சூடேறுவதற்கு என்று பிறகுதான் தெரிந்தது.

"ஒயிலைச் சூட்டோடை இறக்கவேணும் தம்பி. ஆறினா ஊத்தையெல்லாம் அடியிலை தங்கிப்போடும். அதுக்காகக் கொதிக்கக் கொதிக்கவும் இல்லை. கை பொறுக்கிற சூடு."

பிறகு மட்டமான நிலம் பார்த்து வண்டியை நிறுத்துவார். சரிவில் நின்றால் ஒயில் முழுக்க வடியாது. புது ஒயிலின் மட்டமும் பிழைக்கும். பழைய வீரகேசரித் தாள்களை விரித்து, அதன்மேல் வயிறு வெட்டிய பிளாஸ்டிக் கலனை வைப்பார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் சரிந்து படுப்பார். மேலே இருக்கிற நிரப்பும் ஆணியைத்தான் முதலில் கழற்றவேணும். அது திறபடாவிட்டால் உள்ளே இருப்பதை இறக்கிவிட்டுப் புதியதை எப்படி ஊற்றுவது? அதற்குப் பிறகே அடி ஆணி. ரிங் ஸ்பானரைப் போட்டு ஒருமுறை நெகிழ்த்தி, மிச்சத்தை விரலால் சுழற்றுவார். கடைசிச் சுற்றில் கையைச் சடக்கென்று இழுத்துக்கொள்ள, கறுப்பு நூலாக ஒயில் இறங்கும்.

இனி அவசரமே கிடையாது. அப்பாவும் அவரும் பிளேன்ரீ குடித்து ஊர்ப்புதினம் கதைப்பார்கள். சொட்டுவது நிற்கிறவரை காவல் இருப்பது என் வேலை.

நின்றதும் சித்தப்பா கலனை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு விரலால் ஒயிலைத் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பார், மணப்பார். வண்டி தன் வருத்தத்தை ஒயிலில்தான் எழுதி அனுப்பும் என்பது அவர் கட்சி. வெறும் கறுப்பென்றால் பயமில்லை. வெள்ளித்தூள் மினுங்கினால் கியர்ப்பல் தேய்கிறது. பெற்றோல் மணத்தால் எங்கேயோ சீல் விட்டிருக்கிறது. அடைமழைக்குத் தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் விட்டு ஓடின ஒரு வாரம், பால்தேத்தண்ணி நிறத்தில் இறங்கியது. உள்ளே தண்ணீர் போயிருந்தது. அன்றைக்கு ஊற்றிய புது ஒயிலையும் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு இறக்கிக் கொட்டினார். காசு போகிறதே என்று அப்பா கேட்டதற்கு, "பெட்டி போனா இதைப்போலை எத்தினை போத்தில் வாங்கலாம் தெரியுமோ" என்றார்.

அடி ஆணிக்கு வொஷர் ஒன்று உண்டு. இறுக்கும்போது நசுங்கி இடைவெளியை அடைக்கிற மெல்லிய வளையம். ஒருமுறை நசுங்கினதைத் திரும்பப் போட்டால் ஒழுகும். அதை வாங்க மருதானைப் பக்கம் பஞ்சிகாவத்தைக்குப் போவோம். கொழும்பில் வாகனச் சாமான் என்றால் பஞ்சிகாவத்தைதான். கடை கடையாக எஞ்சினும் கதவும் கண்ணாடியும் தொங்கும். கடைக்காரர் சிங்களத்தில் விலை சொல்ல, சித்தப்பா சிங்களத்திலேயே குறைப்பார். 'ஒரிஜினல்' என்ற சொல்லை மட்டும் இரண்டு பேரும் நம்பமாட்டார்கள்.

அடி ஆணியைப் பூட்டியதும், ரப்பர் குழாய் செருகிய போத்தலால் புது ஒயில். நிரப்பும் துளையின் விளிம்பில் தளும்பினால் மட்டம் சரி. மேல் ஆணியையும் பூட்டி, மண்ணெண்ணெயால் துடைத்து, சன்லைட் சவர்க்காரத்தால் கை கழுவி, வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டுத் திரும்பவும் குனிந்து பார்ப்பார். துளி இல்லை என்றால்தான் எழும்புவார்.

2008இல் டூ ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதி தடையானது. புகைப் பரிசோதனையும் அந்த ஆண்டே தொடங்கியது. சில வருடங்களில் சித்தப்பாவும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறினார். கலவை ஒயில், மூடி அளவு எல்லாம் போயிற்று. எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஒயில். கிளட்ச் தட்டுகளும் அதற்குள்ளேயே நனைந்து கிடப்பதால் கார் ஒயிலை ஊற்றினால் சறுக்கக்கூடும்; போத்தலில் 'ஜாசோ எம்ஏ' என்று போட்டிருக்கவேணும். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த எழுத்தைத் தேடுவார். மற்றபடி முறை மாறவில்லை: சூடாக்கு, இறக்கு, தொட்டுப் பார், புது வொஷர் போடு.

பழைய ஒயிலை அவர் ஒருநாளும் கானில் ஊற்றியதில்லை. கொஞ்சம் வேலிக்கட்டையின் அடிக்குக் கறையானுக்காகப் பூசுவார். மிச்சம் கராஜ் பரலுக்குப் போகும். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழுகிற இடத்தில் நீர்மேல் படர்ந்த ஒயிற்படலத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தப் பழக்கத்தின் மதிப்பு எனக்குத் தெரியும்.

2020இல் வாகன இறக்குமதி நின்றபோது, இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவதே பலருக்குப் பிழைப்பாயிற்று. உங்களிடம் ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ இருந்தால், அடுத்தமுறை ஒயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். இறங்குகிற ஒயிலைப் பாருங்கள், புது வொஷர் கேளுங்கள், பழையது எங்கே போகிறது என்றும் கேளுங்கள். ஒரு பிளேன்ரீ குடிக்கிற நேரம்தான் செலவு.