வேரைப் பிடித்து நகரும் படகு

பிச்சாவரத்தில் மோட்டார் படகு ஏறினால் அகன்ற நீர்ப்பரப்பைச் சுற்றிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பார்க்க வேண்டிய காடெல்லாம் வாய்க்கால்களுக்குள் இருக்கிறது. வெள்ளாறும் கொள்ளிடமும் கடல் சேரும் இடங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகப் பரந்திருக்கும் அலையாத்திக் காடு இது. ஒரு படகு மட்டுமே போகக்கூடிய சந்துகள் அதற்குள் எத்தனையோ. அங்கே நுழையத் துடுப்புப் படகு வேண்டும். வலிக்கத் தெரிந்த கை வேண்டும்.

எனக்கு வாய்த்த படகுக்காரர் கிள்ளைப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். கிளம்புமுன் கரையோர வேர்களில் ஈரக் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தார். "இன்னும் ஏத்தந்தான் சார். தண்ணி ஏற ஏற உள்ள போயிருவோம். வத்தம் பிடிச்சதும் ஓரமாத் திரும்பலாம், அப்பத்தான் சேத்துல உள்ளான் இறங்கும்" என்றார். எப்போது எந்த வழி என்பதை அவருக்குத் தண்ணீர்தான் சொல்கிறது.

வாய்க்கால் குறுகியதும் இரண்டு துடுப்புகளையும் உள்ளே இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, மேலிருந்து வளைந்து இறங்கும் சுரபுன்னை வேர்களைக் கையால் பற்றிப் பற்றிப் படகை நகர்த்தினார். சத்தமே இல்லை. ஒரு கிளை குறுக்கே வந்தபோது மட்டும் கையைக் கொடுக்காமல் துடுப்பின் நுனியால் ஒதுக்கினார். "தில்லை சார். கைய உள்ள வெச்சுக்குங்க. பால் கண்ணுல பட்டுச்சுன்னா பார்வைக்கே ஆபத்து." சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரம் அது.

திடீரென்று படகை நிறுத்தி மோவாயால் ஓர் இடத்தைக் காட்டினார். எனக்கு இலைகள்தான் தெரிந்தன. காத்திருந்தேன். இலை நடுவே ஒரு சிவப்புக் கண். பிறகு கருந்தலை, சாம்பல் இறகு. பகல் முழுக்க அசையாமல் அடைந்திருக்கும் வக்கா. ஒன்றைக் கண்டுகொண்ட பிறகு அந்த மரமே பறவைகளாகத் தெரிந்தது. இன்னும் உள்ளே ஒரு கருந்தலை மீன்கொத்தி, செக்கச்சிவந்த அலகோடு. பனிக்காலத்துக்கு மட்டும் வரும் விருந்தாளி. கூப்பிட்டுக் காட்டாமல், விரல் நீட்டாமல், படகைத் திருப்பும் கோணத்திலேயே என் பார்வையை அவர் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வெண்கண்டல் கிளை ஒன்றை வளைத்து இலையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். விரலில் பொடிப்பொடியாக உப்பு ஒட்டியது. வேர் வழி ஏறிய உப்பை இலை வெளியே தள்ளிவிடுகிறது. பக்கத்துச் சுரபுன்னையில் முருங்கைக்காய் போல நீண்டு தொங்கியவை, தாய்மரத்திலேயே முளைவிட்டுவிட்ட கன்றுகள். விழுந்தால் சேற்றில் குத்திக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் மிதந்துபோய் வேறு கரை தேடும்.

உப்பைத் தாங்கும் இந்த மரங்களையும் உப்பே கொன்ற காலம் உண்டு. முன்பு கூப்புப் போட்டு ஒட்ட வெட்டிய இடங்களில் நிலம் காய்ந்து தாழ்ந்து பள்ளமானது. புகுந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி வற்ற, மண்ணில் உப்பு ஏறி எதுவும் முளைக்கவில்லை. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்த பிறகுதான் அங்கே பசுமை திரும்பியது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு.

திரும்பும் வழியில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் குனிந்து, கையாலேயே தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் அலை போகாதபடி படகுக்காரர் துடுப்பை மெல்லப் போட்டார். அவர் சொன்னபடியே சேறு தலைகாட்டியிருந்தது, உள்ளான் பறவைகளும் இறங்கியிருந்தன.

2022-இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பெருமைதான். ஆனால் படகுக் கட்டணத்தில் படகுக்கும் நேரத்துக்கும் விலை இருக்கிறது. வக்காவைக் கண்டுபிடித்த கண்ணுக்கு இல்லை. பறவை பார்க்க வருகிறவர்களுக்கென்று அதிகாலையில் தனிச் சவாரி விட்டு, அந்தக் கூடுதல் பணம் முழுவதையும் வலிப்பவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. அவரிடமே சொன்னேன்.

"குடுத்தா நல்லதுதான் சார். அதுக்கு முன்னாடி மோட்டார் படகை இந்த வாய்க்கா வாயிலேர்ந்து கொஞ்சம் தள்ளி ஓட்டச் சொல்லி எழுதுங்க. அந்தச் சத்தம் கேட்டா வக்கா மரத்த மாத்திக்குது. அப்புறம் நான் எதக் காட்டுறது?"