நான் நடக்காத நடையா?



சென்ற விடுமுறையில் அம்மாவைச் சுங்கை தெக்காலா வனப் பூங்காவிற்கு அழைத்துச் சென்றேன். செமினியிலிருந்து உலு லங்காட் செல்லும் மலைச்சாலையில் அமைந்த இடம் அது.

நீரிழிவு கண்ட அம்மாவை நாள்தோறும் அரைமணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். “நான் நடக்காத நடையா?” என்று அம்மா மறுத்து வந்தார். உண்மைதான். தோட்டத்தில் விடியுமுன் எழுந்து ரப்பர் மரம் சீவி, பால் வாளி சுமந்து மேடுபள்ளம் ஏறி இறங்கியவர். அவருக்கு நடை என்றால் கூலி வேலை. ஆகவே, பிடிவாதம் என்றே எண்ணியிருந்தேன்.

ஓடையோரம் சிறிது தூரம் நடந்தோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நீரில் கால் வைத்தார்.

“குளிருதாம்மா?”

“ஒன்னும் தெரியலப்பா. ரொம்ப நாளாவே இப்படித்தான்.”

திகைத்து நின்றேன். நீரிழிவு நரம்புகளைத் தாக்கினால் பாதம் உணர்விழக்கும். கல் கிழித்தாலும் வலிக்காது. மறுநாளே கிளினிக்கில் பாதங்களைச் சோதித்தோம்.

இப்போது பாதம் மூடிய காலணியுடன், காலைதோறும் வீட்டருகே மெல்ல நடக்கிறோம். திரும்பியதும் அவர் பாதங்களை நான் பார்க்கிறேன்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நடக்க மறுத்தால், கடிந்துகொள்ளுமுன் அவர்களின் பாதங்களைப் பாருங்கள்.