ஒரு பெனால்டியும் நாலு டீயும்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். கோக்கர்ஸ் வாக்கில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பார்கள். நான் போன அன்று இரண்டையுமே பனிமூட்டம் விழுங்கிவிட்டது. ரூம் சுவரைப் பார்க்கவா கொடை ரோடு ஸ்டேஷனிலிருந்து 80 கிலோமீட்டர், வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன்? ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மூஞ்சிக்கல் பக்கம் நடந்தேன்.

எங்கிருந்தோ விசில் சத்தம். எட்டிப் பார்த்தால்... ஃபுட்பால்! பள்ளிக்கூடப் பையன்களின் அரையிறுதி. மலை டீமுக்கும் கீழேயிருந்து வந்த டீமுக்கும் மோதல். குரங்குக் குல்லாவும் சால்வையுமாக முன்னூறு பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கீழ்நாட்டுப் பசங்க வர்ற வழியிலேயே வாந்தி எடுத்துட்டானுக. நமக்குத்தான் மேட்ச்" என்றார் பக்கத்தில் நின்ற பூண்டு வியாபாரி. நானும் அந்த நிமிஷமே மலை டீம் ரசிகனாகிவிட்டேன். ஜெயிக்கிற கட்சியில் சேர யாருக்குத்தான் கசக்கும்?

ஆட்டம் 1-1. கடைசியில் பெனால்டி ஷூட்-அவுட். மலை டீமின் ஐந்தாவது பையன் ஓடி வந்து உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து, மூட்டத்துக்குள் புகுந்து, சரிவில் உருண்டே போய்விட்டது. தோல்வி!

பந்தைத் தேட நாலு பேர் கீழே இறங்கினார்கள். மற்றவர்கள் டீக்கடைக்கு ஏறினோம்.

அங்கே ஆரம்பித்தது பிரேதப் பரிசோதனை. ரெஃப்ரிக்குக் கண் தெரியலை, கோச்சுக்கு விவரம் பத்தலை, செருப்பு போட்டுக்கிட்டு மைதானத்துக்குள்ளே நடந்தவனால வந்த தோஷம்... ஆளுக்கொரு காரணம்.

என் பங்குக்கு நானும் விட்டேன்: "கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். கடல் மட்டத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 20 சதவிகிதம் குறைவு. பந்துக்குத் தடை கம்மி, அதான் பறந்துடுச்சு. 2,500 மீட்டருக்கு மேலே சர்வதேச மேட்ச்சே வேண்டாம்னு 2007-ல ஃபிஃபா தடை போட்டுது. பொலிவியாக்காரங்க கொதிச்சாங்க. 2008-ல தடையை நிறுத்தி வெச்சுட்டாங்க."

டீ ஆற்றிக்கொண்டிருந்த மாஸ்டர் நிமிர்ந்தார். "அவன் பொறந்ததுலேருந்து இதே காத்துலதானே சார் ஆடறான்? உடம்பைப் பின்னால சாச்சு அடிச்சான், மேலே போச்சு. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

"நீங்க கோச்சா அண்ணே?"

"அப்பன்."

என் கையிலிருந்த டீ அப்படியே நின்றது. அரை மணி நேரமாக அந்தப் பையனை வறுத்தெடுத்தவர்களில் அவர் குரல்தான் உசத்தி!

பேச்சை மாற்ற, 2020 மார்ச் 14-ஆம் தேதியைச் சொன்னேன். கோவாவில் ஐ.எஸ்.எல். ஃபைனல். சென்னையின் எஃப்.சி. 3-1 என்று கொல்கத்தாவின் ஏ.டி.கே.யிடம் தோற்றது. கொரோனா பயத்தில் கேலரியில் ரசிகர்களையே விடவில்லை. திட்டக்கூட ஆளில்லாத தோல்வி.

"அது பாவம் சார்" என்றார் மாஸ்டர். "இங்கே திட்டறதுக்காவது முன்னூறு பேர் வந்தாங்க."

அப்போது வாசலில் நிழல். சேறு அப்பிய காலோடு பையன் நின்றான். கையில் தேடி எடுத்த பந்து.

கடை கப்சிப். அடுத்த விநாடி பூண்டு வியாபாரி, "அப்புறம்... நம்ம மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கொடுத்தாங்களே, வெலை ஏறுச்சா?" என்றார். பூண்டு விற்கிறவரே இப்படிக் கேட்டால் யார் பதில் சொல்வது? ஆனால் எல்லோரும் ஆவேசமாகப் பூண்டு பேசினார்கள். பெனால்டி என்ற வார்த்தையே மலையில் யாருக்கும் தெரியாது போல!

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பாலை அதிகம் ஊற்றி ஒரு கிளாஸை நீட்டினார். பையன் குடித்து முடித்துச் சொன்னான்: "நாளைக்குக் காலையில ஆறு மணிக்குப் பெனால்டி அடிச்சுப் பழகணும். யாராச்சும் கோல் நிக்கிறீங்களா?"

உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை பத்து பெனால்டி. பத்தும் கோல். ஒன்றுகூடக் கம்பத்துக்கு மேலே போகவில்லை. பையன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

கோல்கீப்பர் மட்டும் பத்து நாள் இடுப்பில் தைலம் தடவிக்கொண்டிருந்தேன்.