இரண்டாம் கியரின் பித்தளை வளையம்

சென்னை புதுப்பேட்டையில் கியர் பாக்ஸுக்கு விலை கேட்டால் பதிலுக்கு நாலு கேள்வி வரும். எந்த வண்டி, எந்த வருஷம், பெட்ரோலா டீசலா, பழைய பாக்ஸுக்கு என்ன ஆச்சு? நண்பர் "மிட்சுபிஷி செடியா" என்றதும் கடைக்கார பாய் கணக்குப் புத்தகத்தை மூடினார்.

"ரேஸ் ஓட்டுறீங்களா?"

"இல்ல பாய். ராலி ஓட்டுன ஒருத்தர்கிட்டேருந்து வாங்கினேன்."

"அப்ப செகண்ட் கியர் போயிருக்கும்."

வண்டியைப் பார்க்காமலே சொன்னார். சொன்னது சரிதான். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போதெல்லாம் அந்த வண்டி பல்லைக் கடிக்கும்.

2006-இல் வந்த செடியாவில் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 115 குதிரைத்திறன், ஐந்து கியர் மேனுவல். இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1998 முதல் லான்சரைத் தயாரித்த திருவள்ளூர் தொழிற்சாலையில்தான் செடியாவும் உருவானது. எம்.ஆர்.எஃப். அணி இந்திய ராலிகளில் இதை ஓட்டி வென்றதால், வேகப் பிரியர்கள் இன்றும் இதைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். ஆனால் விற்பனை நின்று பல வருடம் ஆகிவிட்டது. திருவள்ளூரில் இப்போது தயாராவது சிட்ரோயன் கார்கள். அதனால் கியர் பாக்ஸ் வேண்டுமென்றால் கூவக் கரையிலுள்ள புதுப்பேட்டைக்குத்தான் வர வேண்டும்.

அங்கே ஒரு கடை கதவு மட்டும் விற்கும், பக்கத்துக் கடை ஹெட்லைட் மட்டும். எஞ்சின், கியர் பாக்ஸ் கடைகளில் தரையெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்திருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் உண்டு, கியர் பாக்ஸுக்கு அப்படி எதுவும் கிடையாது. எத்தனை கிலோமீட்டர் ஓடியது, யார் ஓட்டினார்கள் என்று சொல்ல ஒரு தாளும் இல்லை. பெட்டியே சாட்சி சொன்னால்தான் உண்டு. அதை விசாரிக்கத்தான் அம்பத்தூரில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப்போயிருந்தோம்.

பையன் ஒரு பெட்டியை உருட்டி வந்து போட்டான். பின்பக்கம் அடிபட்டு வந்த குடும்ப வண்டியிலிருந்து இறக்கியது என்றார் பாய். அண்ணன் முதலில் பார்த்தது அலுமினிய ஹவுசிங்கின் காதுகளை. எஞ்சினோடு போல்ட் போடும் அந்த இடங்களில் விரிசலோ வெல்டிங் தழும்போ இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை. அடுத்து இன்புட் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். கிளட்ச் பிளேட் உட்காரும் வரிப்பற்களில் நகத்தை ஓட்டினார். பிறகு ஒவ்வொரு கியராகப் போட்டுக் கையால் சுற்றினார்.

ஒரு கியரைப் போட்டுவிட்டு, ஒரு பக்க ஆக்ஸில் துளைக்குள் கட்டையைச் செருகி அசையாமல் பிடிக்கச் சொன்னார் பையனிடம். இன்புட் ஷாஃப்டைச் சுற்றியபடி, மறுபக்கம் எத்தனை சுற்று வருகிறது என்று வாய்க்குள் எண்ணினார். ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டால் டிஃபரன்ஷியல் மறுபக்கத்தை இரட்டிப்பாகச் சுற்றும். அந்த எண்ணைப் பாதியாக்கி, இன்புட் சுற்றுகளை அதனால் வகுத்தால் அந்தக் கியரின் மொத்த விகிதம் கிடைத்துவிடும். வெளியே ஒன்றுபோல் இருக்கும் இரண்டு பெட்டிகளுக்குள் பல் கணக்கு வேறாக இருக்கலாம். மாறிப்போனால் வண்டியின் இழுவையே மாறிவிடும்.

கடைசியாக ட்ரெயின் பிளக்கைக் கழற்றி, சொட்டிய ஆயிலை வெள்ளைத் தாளில் பிடித்தார். மஞ்சள் மினுக்கு தெரிந்தால் பித்தளை வளையம் தேய்கிறது. வெள்ளிச் செதில் தெரிந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. தாளில் மினுக்கு கொஞ்சம்தான் இருந்தது. ஆனால் ஆயில் பால்போல் வெளுத்திருந்தது. ஆக்ஸில் துளையை மூடாமல் மழையில் போட்டிருக்கிறார்கள். தண்ணீர் இறங்கியிருக்கிறது.

அந்த ஒரு குறையை வைத்துத்தான் பேரம் படிந்தது. விலையை மட்டும் எழுதாதீர்கள் என்றார் பாய், நாளைக்கு வருகிறவர் அதையே பிடித்துக்கொள்வாராம்.

பட்டறையில் நண்பரின் பழைய பெட்டியையும் வாங்கி வந்ததையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் பிரித்து வைத்தார்கள். பழைய பெட்டியில் இரண்டாம் கியரின் சிங்க்ரோ ரிங்கை எடுத்து என் கையில் கொடுத்தார் அண்ணன். கைவளையல் அளவிலான பித்தளை. கியர் போடும்போது இந்த வளையம் முதலில் கியரின் கூம்பில் அழுந்தி உராய்ந்து, இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்லீவ் நகர்ந்து பல்லில் பூட்டும். அவசரக்காரர்கள் வளையம் வேலையை முடிக்கும் முன்பே லீவரைத் தள்ளுவார்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு வரும்போது ஈடுகட்ட வேண்டிய வேக வித்தியாசம் பெரிது, அதனால் முதலில் சாவது இரண்டாம் கியரின் வளையம்.

வளையத்தைக் கூம்பில் அழுத்தி, இடையில் ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தார். இந்த இடைவெளி அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வளையத்தை மாற்றிவிடுவது அவர் வழக்கம். பழையதில் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. பூட்டும் பற்களின் முனையும் மழுங்கியிருந்தது. வாங்கி வந்ததில் இடைவெளி தாராளமாக இருந்தது. ஆனால் மூன்றாம் கியரின் பல்முகத்தில் துருப்புள்ளிகள்.

"தேய்ச்சா போயிடாதா அண்ணே?" என்றார் நண்பர்.

"துரு போயிடும் தம்பி, குழி போகாது. அங்கேருந்துதான் பல்லு உதிர ஆரம்பிக்கும்."

பழைய பெட்டியின் மூன்றாம் கியர் பழுதில்லாமல் இருந்தது. அதை இங்கே மாற்றலாம் என்று முடிவானது. அதிலும் ஒரு விதி இருக்கிறது. ஒன்றோடொன்று ஓடித் தேய்ந்த இரண்டு பற்சக்கரங்களைப் பிரிக்கக் கூடாது, ஜோடியாகத்தான் எடுக்க வேண்டும். ஹப்பும் ஸ்லீவும் அப்படியே. எது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று கழற்றும்போதே சுண்ணாம்புக் கட்டியால் குறித்திருந்தான் ஹெல்ப்பர் பையன்.

பேரிங்குகளையும் ஆயில் சீல்களையும் ஜி.பி. ரோட்டிலிருந்து புதிதாக வாங்கி வந்தோம். பழைய பேரிங்கின் ஓரத்தில் பொறித்த எண்ணைக் காட்டினால் போதும். பேரிங்கைச் சூடான எண்ணெயில் போட்டு எடுத்து ஷாஃப்டில் இறக்கினார்கள். இறுகிய இடத்தில் பிரஸ்ஸில் வைத்து உள்வளையத்தை மட்டும் அழுத்தினார்கள். வெளிவளையத்தில் அழுத்தினால் குண்டுகள் தடம் பதித்துவிடும், புதுப் பேரிங் முதல் நாளே ஊளையிடும். உள்ளே பாகம் மாறியதால் ஷாஃப்டின் முன்பின் ஆட்டத்தை மறுபடி அளந்து, அதற்கேற்ற தடிமனில் சிம் தகடு வைத்த பிறகே ஹவுசிங்கை மூடினார்கள்.

ஆயில் விஷயத்தில் அண்ணன் கறார். டின்னில் ஜி.எல்.-4 என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஊற்றினார். ஜி.எல்.-5 என்றால் எண் பெரிது, உசத்தி என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். அதில் கூடுதலாக இருக்கும் கந்தக ரசாயனம் பித்தளையை அரிக்கக்கூடும். வழுக்கலும் அதிகம், வளையத்துக்கு வேண்டிய உராய்வு கிடைக்காது.

ஓட்டிப் பார்த்தோம். மூன்றிலிருந்து இரண்டுக்குச் சத்தமில்லாமல் இறங்கியது. "லீவரை நியூட்ரல்ல ஒரு மூச்சு நிறுத்திட்டுத் தள்ளுங்க தம்பி. வளையம் உங்க பிள்ளைங்க காலம் வரைக்கும் வரும்" என்றார் அண்ணன்.

பில்லில் சீல், பேரிங், ஆயில், பெட்டியை இறக்கி ஏற்றிய கூலி எல்லாம் வரி வரியாக இருந்தன. ஆயில் சொட்டைத் தாளில் படித்ததற்கும், எந்தப் பல்லை வைத்துக்கொள்வது எதை எறிவது என்று தீர்மானித்ததற்கும் வரி இல்லை. ஏன் போடவில்லை என்று கேட்டேன்.

"அதுக்கு எப்படி சார் ரேட்டு போடுறது? முடிவு தப்பாப் போனா வண்டி திரும்பி வரும். அப்ப இறக்கி ஏத்துற கூலி என் கணக்கு."