பாலத்திற்கு அப்பால் ஒரு வீடு

ஆண்டின் இறுதி நாள் வந்துவிட்டால் கணக்குப் பார்ப்பது மனிதரின் வழக்கம். வணிகர் வரவு செலவைப் பார்க்கிறார். பங்குக் குருவோ திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய ஏடுகளைப் புரட்டி, எண்ணிக்கையை எழுதி முடிக்கிறார். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் நானும் அவ்வாறே எழுதி முடித்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்பத்தின் திருவிழா. காலைத் திருப்பலியில் நாசரேத்து இல்லத்தின் ஒற்றுமையைப் பற்றி மறையுரை ஆற்றினேன். நன்றாக இருந்ததென்று பலர் கூறினர். என் உள்ளம் மட்டும் அதைக் கூறவில்லை. காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில் வாழும் என் உடன்பிறந்த தம்பியின் வாசற்படியை நான் மிதித்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் அன்னை மறைந்த பின் அவ்வீட்டின் பங்கைக் குறித்து எழுந்த பேச்சு அது. தங்கையின் பக்கம் நியாயம் இருப்பதாகக் கருதி நான் பேசினேன். நியாயம் இருந்திருக்கலாம், என் சொல்லில் கனிவு இருக்கவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு, பங்குக் குடும்பம் ஒன்று தந்திருந்த கல்கல் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தெப்பக்குளத்தருகிலிருந்து நடக்கத் தொடங்கினேன். பேருந்தில் ஏறினால் விரைவில் போய்ச் சேர்ந்துவிடுவோமே என்ற அச்சந்தான் என்னை நடக்கச் செய்தது!

லூர்து அன்னை ஆலயத்தின் முன் குடில் காண வந்தோர் கூட்டம் நிறைந்திருந்தது. 1844இல் நாகப்பட்டினத்தில் தோன்றி, 1883இல் திருச்சிக்கு வந்த புனித வளனார் கல்லூரியின் அருகே நிமிர்ந்து நிற்கும் அவ்வாலயத்திற்குக் கிறிஸ்தவர் மட்டுமா வருகின்றனர்? நெற்றியில் திருமண் துலங்கும் பெரியவர் ஒருவர், தம் பேரனைத் தோளில் தூக்கி வைக்கோலில் கிடந்த பாலனைக் காட்டிக்கொண்டிருந்தார். அவ்வாண்டு வைகுந்த ஏகாதசி டிசம்பர் 23ஆம் நாள் வந்தது. இரண்டே நாட்களில் கிறிஸ்து பிறப்பு. சத்திரம் பேருந்து நிலையத்தில் இரு விழாக்களின் கூட்டமும் ஒரே பேருந்துகளில் ஏறி இறங்கியது. இடித்துக்கொண்டவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களே அன்றி, எவ்விழாவிற்கென்று எவரும் வினவவில்லை.

சிந்தாமணியைக் கடந்து காவிரிப் பாலத்தை அடைந்தேன். 1976இல் திறக்கப்பட்ட பாலம் அது. பழுதுபார்ப்பதற்காக 2022 நவம்பரில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். அக்கரைக்குச் செல்வோர் மாதக்கணக்கில் சுற்றுவழியே சென்று சலித்துக்கொண்டார்கள். 2023 மார்ச்சில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டபோது ஊரே மகிழ்ந்தது. அதன் கைப்பிடிச் சுவரருகே நின்று எண்ணிப் பார்த்தேன். ஓராண்டின் நான்கில் ஒரு பங்கு காலம் பாலம் மூடியிருந்ததற்கு நாம் இவ்வளவு வருந்தினோம். நான்கு ஆண்டுகள் மூடிக் கிடந்த என் பாலத்திற்கு நான் என்ன பழுது பார்த்தேன்?

ஆற்றிலும் நீர் மிகுதியாக இல்லை. மேட்டூரில் நீர் குறைந்தமையால் பாசனத்திற்கான திறப்பு அவ்வாண்டு அக்டோபரிலேயே நிறுத்தப்பட்டது. மணல் திட்டுகளுக்கிடையே மெல்லிய ஓடையாக அசைந்தாள் காவிரி. ஆயினும் அந்தச் சிறு நீரிலும் மலைக்கோட்டையின் மேல் விழுந்த மாலை வெயில் மின்னத்தான் செய்தது.

மாம்பழச்சாலை வழியாகத் திரும்பி, அம்மா மண்டபத்தைக் கடந்து சென்றால் இராஜகோபுரம் தெரிகிறது. சிறுவனாக இருந்தபோது அன்னையின் கைபிடித்துச் செல்கையில் நான் கண்டது வேறு. அன்று அது மொட்டைக் கோபுரம். அடிப்பகுதி எழும்பியதோடு பல நூற்றாண்டுகள் அப்படியே நின்றது. அகோபில மடத்தின் 44ஆம் பட்டத்து ஜீயர் மேற்கொண்ட முயற்சியினால், பதின்மூன்று நிலைகளோடு 236 அடி உயர்ந்து, 1987 மார்ச் 25ஆம் நாள் குடமுழுக்குக் கண்டது. முடியாது நின்ற காலமெல்லாம் மக்கள் அவ்வழியே நடவாமலா இருந்தார்கள்? பால்காரரும் பூக்காரியும் பள்ளிப் பிள்ளைகளும் அரைகுறைக் கோபுரத்தின் கீழேதான் அன்றாடம் சென்று வந்தனர். எல்லாம் முடிந்த பிறகுதான் நுழைவேன் என்று எவரும் காத்திருக்கவில்லை.

ஸ்ரீரங்கத்தின் தனிச் சிறப்பு ஒன்றுண்டு. ஏழு சுற்று மதில்களுள் வெளிச் சுற்றுகளில் வீடுகளும் கடைகளும் நிறைந்திருக்கின்றன. சித்திரை வீதியும் உத்தர வீதியும் குடும்பங்கள் வாழும் தெருக்கள். மார்கழிக் கோலத்தின் நடுவே சாணத்தில் செருகிய பூசணிப்பூ மாலையில் வாடியிருந்தது. எங்கோ காப்பிக்கொட்டை வறுபடும் மணம். எங்கோ குழந்தையை அதட்டும் பாட்டியின் குரல். இராப்பத்துத் திருநாட்கள் முடியாமையால் அடியார் கூட்டம் வீதியெங்கும் சென்றுகொண்டிருந்தது. வழிபாடும் வீட்டு வாழ்வும் ஒரே மதிலுக்குள்! நம் ஆண்டவரும் தம் வாழ்நாளில் முப்பது ஆண்டுகளை ஒரு சிற்றூர் வீட்டில் கழித்தார் அல்லவா? அடுப்பும் தச்சுப் பலகையும் அன்னையின் குரலுமே அவர் நாட்களை நிறைத்தன.

தம்பியின் வீட்டுத் திண்ணையில் காகித நட்சத்திரம் ஒன்று தொங்கியது. என்னை முதலில் கண்டது அவன் இளைய மகள். நான்கு வயதில் பார்த்த பிள்ளை, எட்டு வயதாகியிருந்தாள். ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "அப்பா, சாமிப் பெரியப்பா வந்திருக்காங்க!" என்று உள்ளே ஓடினாள்.

தம்பி வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. நான் வழி நெடுகிலும் சேர்த்து வைத்த சொற்கள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "அன்றைக்கு நான் கடுமையாகப் பேசிவிட்டேன், தம்பி" என்று மட்டும் சொன்னேன். அவன் மறுமொழி கூறாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு, "காப்பி போடு" என்று மனைவியிடம் சொன்னான். சிறிது நேரம் கழித்து, "அம்மா இருந்தா முறுக்கு சுட்டிருப்பாங்க, அண்ணே" என்றான். இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். பிள்ளைகள் கல்கலைப் பங்கிட்டுச் சண்டையிடத் தொடங்கினார்கள். அதைத் தீர்த்து வைக்கும் சாக்கில் சிரித்தோம்.

வீட்டுப் பங்கு அன்று முடிவாகவில்லை. தங்கையோடு அமர்ந்து பேச வேண்டியது இன்னும் இருந்தது. கோபுரம் மொட்டையாகத்தான் நின்றது. ஆனால் வாசல் திறந்திருந்தது.

இரவு பதினொரு மணிக்கு ஆலயத்தில் நன்றி வழிபாடு நடத்தினேன். தெதேயும் பாடும்போது, ஓராண்டின் நன்மைகளை நினைவுகூரச் சொல்வது என் வழக்கம். அன்று எனக்கு நினைவில் நின்றது ஒரு குவளை காப்பியும், ஓடிச் சென்ற ஒரு சிறுமியின் குரலுமே.

அன்பார்ந்த குடும்பத்தினரே, பிறந்த நாளும் பண்டிகையும் புத்தாடையும் நமக்கு வேண்டியவையே. ஆயினும் பந்தியில் ஓர் இலை வெறுமையாய் இருக்குமானால், அந்த இலைக்கு உரியவர் யார் என்பதை நள்ளிரவு மணி ஒலிக்குமுன் எண்ணிப் பாருங்கள். அவர் வீடு தொலைவில் இல்லை. எனக்கு ஐந்து கிலோமீட்டர்தான் இருந்தது. அதைக் கடக்க நான் நான்கு ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன். நீங்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.